தீர்த்தன் ஆற்றில் தப்பிய மூன்று டிரவுட்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஃப்ளை மீன்பிடியில், அதாவது பூச்சி மாதிரி முள்ளில் கட்டிய ஃப்ளை என்ற போலி இரையால் மீன்பிடிப்பதில், மீன் தப்பிப்போவது புதிதல்ல. தப்பியதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணம்தான் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. மீன் பெரிசு, தண்ணீர் வேகம், இந்த ஃப்ளை அதற்குப் பிடிக்கவில்லை என்று ஆற்றின் மேலும் மீனின் மேலும் சொல்லிவிட்டு அடுத்த மடுவுக்கு நகர்ந்துவிடுகிறோம். கையில் இருக்கும் ராடையும் லைனையும் முள்ளையும் யாரும் விசாரிப்பதில்லை.

ஏப்ரல் கடைசியில் இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றில் என்னோடு வந்த கோவை நண்பர் ஒரே காலையில் மூன்று டிரவுட் மீன்களை இழந்தார். அன்று மாலை அவருடைய கருவிகளை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றும் ஏன் போனது என்று தேடினோம். மூன்றுக்கும் காரணம் கருவியில்தான் இருந்தது. அவர் அலட்சியமானவர் என்றால் எழுத ஒன்றும் இருக்காது. முந்தின இரவுதான் அத்தனையையும் ஒன்று விடாமல் சோதித்திருந்தார். அதனால்தான் இது எழுத வேண்டிய விஷயமாகத் தோன்றியது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆறும் மீனும்

மண்டியிலிருந்து குல்லு போகும் நெடுஞ்சாலையில் ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னால் பிரிந்தால் லார்ஜி, பிறகு பஞ்சார், அங்கிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் குஷைனி. தீர்த்தன் அதையொட்டித்தான் ஓடிவருகிறது. மேலே பெரிய இமாலயத் தேசியப் பூங்காவில் பிறந்து, கீழே லார்ஜியருகே பியாஸில் கலக்கிற ஆறு. அந்தப் பூங்காவை யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நாங்கள் நின்றது குஷைனிக்குக் கீழே, நாகினி பக்கம். யானை அளவுப் பாறைகள், அவற்றுக்குப் பின்னால் சின்னச் சின்ன மடுக்கள், ஓரங்களில் உருண்டைக்கல் பரப்பு.

இங்குள்ள பிரவுன் டிரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. காஷ்மீரில் 1900இல் வேரூன்றிய டிரவுட், 1909 வாக்கில் குல்லுப் பகுதிக்கு வந்தது. நீலகிரியில் அவலாஞ்சியில் எச். சி. வில்சன் 1907இல் டிரவுட் குஞ்சுப் பண்ணை தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். ஊட்டிப் பக்கம் ரெயின்போ டிரவுட் நிலைத்தது. தீர்த்தனில் பெரும்பாலும் பிரவுன். குளிர்காலத்தில் முட்டையிடும் மீன் என்பதால் இமாச்சலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பிடிக்கத் தடை. மற்ற மாதங்களில் மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு வேண்டும். நாங்கள் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறவர்கள். மூன்றாவது இழப்பு என்னை ஏன் உறுத்தியது என்பதற்கு அதுவும் ஒரு காரணம், பிறகு வருகிறேன்.

பழகாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் லைனுக்கே பாரம் உண்டு. அதைச் சுழற்றி வீசினால் இறகளவே உள்ள ஃப்ளை அதன் பின்னால் போகும். தடித்த லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே 9 அடி லீடர், போகப் போக மெலிந்துகொண்டே போகும். அதன் கடைசி நுனியில் கட்டும் மெல்லிய தங்கூசித் (மீன்பிடி நரம்பு) துண்டுதான் டிப்பெட். அதன் தடிமனை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5எக்ஸ் என்றால் 6, அதாவது 0.15 மில்லிமீட்டர். நண்பர் அன்று கட்டியிருந்தது அதுதான். மொத்தக் கருவியும் இந்த 0.15 மில்லிமீட்டரை நம்பித்தான் இருக்கிறது.

முந்தின இரவு

விடுதி அறையில் அவர் சோதித்ததை நான் பார்த்தேன். 9 அடி நீள, நான்கு துண்டு ராடை மாட்டி வளையங்களை ஒரே நேர்கோட்டில் வைத்தார். ரீலின் பிரேக்கை இழுத்துப் பார்த்தார். லைனைத் துணியில் விட்டு உருவித் துடைத்தார். புது லீடர், புது டிப்பெட். ஃப்ளைகளின் முள்முனைகளைத் தொட்டுப் பார்த்தார், மாட்டிய முள் கழலாமல் பிடிக்கும் எதிர்முட்களை இடுக்கியால் அமுக்கினார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நான் செய்தாலும் அப்படித்தான் செய்வேன்.

காலையில் நடந்தது

எட்டு மணிக்கு இறங்கினோம். நான் வளைவு தாண்டி மேலே போய்விட்டேன். அவர் கீழே, முதுகுக்குப் பின்னால் உருண்டைக்கல் மேடு உயர்ந்து நிற்கும் இடத்தில் நின்று மேல்நோக்கி வீசிக்கொண்டிருந்தார். முதல் ஃப்ளை 14ஆம் எண் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்; நீருக்குள் மூழ்கும் வகை, தலையில் டங்ஸ்டன் மணி வைத்தது.

வீச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், பின்வீச்சில் கல்லில் ஏதோ பட்ட மாதிரி "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார். ஃப்ளை அறுந்து போகவில்லை, அதனால் தொடர்ந்தார். ஒன்பது மணிவாக்கில் ஒரு மீன் இழுத்தது. ராடு வளைந்து இரண்டு மூன்று நொடி இருந்தது; பிறகு தொய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மேலே மற்றொன்று; அதுவும் அதே மாதிரி. இரண்டு முறையும் ஃப்ளை முழுசாகத் திரும்பி வந்தது. மீனுக்கு இந்த ஃப்ளை சரிப்படவில்லை என்று முடிவு செய்து, அதைக் கழற்றித் தொப்பியில் குத்திவிட்டு, மிதக்கும் எல்க் ஹேர் காடிஸ் ஒன்றைக் கட்டினார். டிப்பெட்டை மாற்றவில்லை.

பத்தரைக்குக் காற்று கிளம்பிவிட்டது. மலைப் பள்ளத்தாக்குகளில் வெயில் ஏறச் சரிவுகள் சூடாகி, கீழிருந்து மேலே காற்று இழுக்கும். மேல்நோக்கி வீசுகிறவருக்கு இது முன்வீச்சில் உதவி, பின்வீச்சில் எதிரி. பின்னால் லைன் முழுசாக விரியும் முன்பே காற்று அதைக் கவிழ்க்கும். கை அதை ஈடுகட்ட முன்னால் அவசரமாகக் குத்தும். அப்படி வீசும்போது லைனின் மேல்வளையம் கீழ்வளையத்தைக் குறுக்கே கடந்து, டிப்பெட்டில் தானாக ஒரு முடிச்சு விழுந்துவிடும். வெறும் ஒற்றை முடிச்சு, எள்ளில் கால்வாசி கூட இருக்காது. விழுந்ததே தெரியாது.

பதினொன்று தாண்டி ஒரு பெரிய மீன். பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து காடிஸை வாயில் வாங்கிக்கொண்டு நீரோட்டத்தோடு கீழே பாய்ந்தது. ரீல் சுழன்று லைன் போய்க்கொண்டிருந்தபோதே அறுந்தது. நான் திரும்பி வந்தபோது அவர் கல்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, மூணு போயிருச்சுங்க. கடைசி மீன் ஒரு கிலோ தேறும். அஞ்செக்ஸ் அதுக்குத் தாங்கலைங்க."

"லீடரைச் சுத்தி எடுத்து வைப்பா, தூக்கிப் போட்றாத. தொப்பியில இருக்கிறதையும் அப்படியே வை."

சொல்லிக்கொண்டே அவர் ராடை வாங்கினேன். நுனித்துண்டு ஒரு விரல் அகலம் திரும்பி, மேல் வளையங்கள் கீழ் வளையங்களோடு நேரில் இல்லாமல் நின்றன.

மேசைமேல்

முதலில் தொப்பியில் இருந்த நிம்ஃப். முள்முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாகச் சாய்த்து வைத்து இழுத்தோம். கூரான முனை நகத்தில் பிடித்துக்கொள்ளும், அசையாது. இது வழுக்கிக்கொண்டு போனது. கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது: முள்ளின் மேற்பூச்சு ஓர் இடத்தில் சட்டென்று முடிந்து, அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் சப்பையான ஒரு முறிவு. நுனியில் ஒரு மில்லிமீட்டர் போல ஒடிந்துபோயிருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால் தொட்டாலும் ஏதோ குத்துகிற மாதிரிதான் இருக்கும். நகம் மட்டும் ஏமாறாது.

அந்த "டிக்" சத்தத்துக்கு விடை இதுதான். ஏன் கல்லில் பட்டது என்பதற்கும் விடை ஃப்ளையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ஏவான் ஆற்றில் ஆற்றுக்காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் முதலில் கட்டிய ஃபெசன்ட் டெயிலில் செம்புக் கம்பிதான் பாரம். தலையில் மணி வைப்பது பின்னால் வந்த வழக்கம். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு அடர்த்தி. அந்தப் பாரத்தோடு பின்வீச்சு எப்போதும் தாழ்ந்துதான் போகும். பின்னால் கல்மேடு இருந்தால் முனை கல்லில் படாமல் இருக்காது. முனை இல்லாத முள் மீனின் வாயில் ஒரு கணம் அழுந்தும், ராடு வளையும், பிறகு வழுக்கிவிடும். முதல் இரண்டு மீன்களும் அப்படித்தான் போயின. ஃப்ளை பிடிக்காத மீன் அதை வாயில் வாங்கியே இருக்காதே. இரண்டு மீன் வந்து கடித்தது என்றால் அந்த ஃப்ளை அன்றைக்கு மிகச் சரியான ஃப்ளை. அதைத்தான் அவர் கழற்றி வைத்தார். தவறான காரணம் கண்டுபிடித்தால் இப்படித்தான் ஆகும்: மாற்ற வேண்டியது ஒடிந்த முள், மாறியதோ ஃப்ளையின் வகை.

அடுத்தது அறுந்த முனை. இந்த இடத்தில் நிதானம் வேண்டும், ஏனென்றால் அறுந்த தங்கூசி நிறையச் சொல்லும். நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால், தங்கூசி அறுந்ததல்ல, ஃப்ளையைக் கட்டிய முடிச்சு உருவிக்கொண்டது. நுனிக்கு மேலே வெளுத்துச் சொரசொரவென்று இருந்தால் பாறையில் உரசியது, அல்லது முந்தைய மீன்களின் பல் பட்டது. எங்களிடம் இருந்ததில் சுருளும் இல்லை, வெளுப்பும் இல்லை. நுனியில் மட்டும் கொக்கி மாதிரி ஒரு சின்ன மடிப்பு. அதற்கு ஒரு சாண் மேலே, அறாமல் தப்பிய இன்னொரு ஒற்றை முடிச்சு. கண்ணில் படவில்லை, நகங்களுக்கு நடுவில் வைத்து உருவியபோது தட்டியது.

ஒற்றை முடிச்சு விழுந்த தங்கூசி தன் பலத்தில் பாதியை இழந்துவிடும் என்று தூண்டில்காரர்கள் பரவலாகச் சொல்வது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் அதே சுருளிலிருந்து வெட்டிய துண்டுகளைக் கட்டி இழுத்தோம். வெறும் துண்டுகள் ஏறக்குறைய 2 கிலோ தாங்கின. நடுவில் ஒற்றை முடிச்சு போட்டவை 1 கிலோ சொச்சத்திலேயே போய்விட்டன, அதுவும் ஒவ்வொன்றும் முடிச்சிலேயே. அறுந்த முனைகளைப் பார்த்தோம்: அதே கொக்கி மடிப்பு.

"மீன் பெரிசு" என்ற வாதத்தையும் தள்ளிவிடாமல் எடுத்துப் பார்த்தோம். நீரில் இருக்கும் மீனுக்கு எடை என்று ஏறக்குறைய ஒன்றும் இல்லை. டிப்பெட்டுக்கு வரும் பாரம் அதன் பாய்ச்சலும் நீரோட்டமும் ராடு இழுக்கும் இழுப்பும்தான். அவருடையது ஐந்தாம் எண் ராடு, நடுத்தர பலம் உள்ளது. அதே தராசைத் தரையில் கட்டி அவரையே ராடால் முடிந்த மட்டும் வளைத்து இழுக்கச் சொன்னேன். தராசின் முள் ஒரு கிலோவைத் தொடவே திணறியது. ரீல் பிரேக் இறுகியிருந்ததா என்றால் இல்லை, தளர்வாகவே சுற்றியது. ஆக, முடிச்சில்லாத 5எக்ஸ் அந்த மீனைத் தாங்கியிருக்கும். முழு நிச்சயம் என்று சொல்ல மாட்டேன்; ஓடுகிற மீன் திடீரென்று திரும்பினால் ஒரு கணம் பாரம் எகிறும். ஆனால் சாட்சிகள் எல்லாமே அந்த முடிச்சைத்தான் காட்டுகின்றன.

முதல் இரண்டு மீன்கள் தப்பியதில் யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றாவது அப்படியல்ல. அந்த மீன் வாயில் ஒரு ஃப்ளையோடும், அதில் தொங்கும் தங்கூசித் துண்டோடும் போயிருக்கிறது. எதிர்முள்ளை அமுக்கியிருந்ததால் சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்ற ஆறுதல் உண்டு. இருந்தாலும், பிடித்து விடுவதுதான் நம் வழக்கம் என்றால், முடிச்சு விழுந்த டிப்பெட்டோடு தொடர்ந்து வீச நமக்கு உரிமை கிடையாது என்றே நினைக்கிறேன். மீனை இழப்பது நம் வருத்தம். முள்ளோடு அனுப்புவது அதன் தலையில் ஏற்றுகிற பாரம்.

ராடின் கதை சுருக்கம். ஒவ்வொரு வீச்சும் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகும். பொருத்து தளர்ந்தால் உள்துண்டு குழலுக்குள் ஆடும். அந்த நிலையில் பெரிய மீன் இழுத்தால் குழலின் விளிம்பு பிளக்கும். அன்று தப்பித்தது அதிர்ஷ்டம். பொருத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிட்டு மாட்டினால் தளர்வது குறையும்.

சோதனை எப்போது காலாவதி ஆகிறது

முந்தின இரவுச் சோதனையில் பிழையில்லை. ஆனால் அது அறையில் இருந்த கருவியைப் பற்றிய சோதனை. காலை எட்டரைக்கு முனை ஒடிந்தவுடன் அந்த முள்ளைப் பொறுத்தவரை அது செல்லாது. பத்தரைக்குக் காற்று வந்தவுடன் டிப்பெட்டைப் பொறுத்தவரை செல்லாது. கருவி ஆற்றில்தான் மாறுகிறது. மாறுகிற இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

மணிக்கு ஒருமுறை பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மீன் எழும்பும் நேரத்தில் எவரும் கைக்கடிகாரம் பார்ப்பதில்லை, மீன் எழும்பாத நேரத்தில் பார்த்து என்ன பயன்? நேரத்தோடு கட்டாமல், நடந்த சம்பவத்தோடு கட்ட வேண்டும். கல்லில் பட்டது, கிளையில் சிக்கியது, அடியில் மாட்டி இழுத்து எடுத்தோம் என்றால், அடுத்த வீச்சுக்கு முன் முனை நகத்துக்கு வர வேண்டும். மழுங்கியிருந்தால் சிறு சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு, ஒடிந்திருந்தால் ஃப்ளையை மாற்றுவதுதான். வீச்சு கோணலாகிக் குவிந்து விழுந்தால், ஃப்ளையிலிருந்து மேலே இரண்டு முழம் விரல் நகங்களுக்கு நடுவே உருவ வேண்டும். முடிச்சு தட்டினால், இறுகாததை ஊசியால் அவிழ்க்கலாம்; இறுகியதை அவிழ்த்தும் பயனில்லை, அந்த இடம் நசுங்கிவிட்டது, வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். ஒரு மீனைப் பிடித்து விட்ட பிறகு டிப்பெட்டின் கடைசி ஒரு சாண் நீளத்தையும் ஃப்ளை முடிச்சையும் பாருங்கள். பல் பட்ட இடம் அங்கேதான். ஒரு மடுவை விட்டு அடுத்ததற்குக் கரையேறி நடக்கும்போது ராடை வானத்துக்கு எதிரே பிடித்து வளையங்கள் நேராக இருக்கின்றனவா என்று ஒரு கண் பார்த்தால் போதும். அப்படியே வேடர்ஸ் (ஆற்றில் இறங்க அணியும் நீர்புகா உடை) இடுப்புப் பட்டையையும் இறுக்கிக்கொள்ளுங்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் சட்டென்று நிரம்பாமல் தடுப்பது அதுதான். பனி உருகும் மாதங்களில் மதியத்துக்கு மேல் இந்த ஆறுகளில் தண்ணீர் ஏறும். காலையில் சுலபமாகக் கடந்த இடம் மாலையில் அதே இடமாக இருக்காது.

குளிர்த் தண்ணீரைப் பற்றி ஒன்று. பனிநீரில் விரல் மரத்துப்போனால் சின்ன முடிச்சு தட்டுப்படாது. அப்போது தங்கூசியை ஈரமில்லாத உதட்டின்மேல் இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. உதடு மரத்த விரலைவிடக் கூர்மையாக உணரும். மரத்த விரல் கட்டுகிற முடிச்சும் நம்பத்தக்கதல்ல. இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உரசலின் சூட்டில் தங்கூசி அங்கேயே பலவீனமாகும். கட்டியபின் கையால் ஒரு நிதானமான இழுப்பு. போவதானால் மீன் வாயில் போகாமல் நம் கையிலேயே போகட்டும்.

இதற்கெல்லாம் ஆகும் நேரம் ஒரு தடவைக்கு அரை நிமிடத்துக்குள். அந்த அரை நிமிடத்தில் மடுவும் கொஞ்சம் ஓயும். இது எனக்குப் பழகியபின் நின்று சோதிப்பது மீன்பிடிப்பதை நிறுத்துவதாகவே தோன்றுவதில்லை.

மறுநாள்

அதே இடத்தில் இறங்கினோம். இந்த முறை கல்மேட்டுக்கு நேராக முதுகைக் காட்டாமல், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று வீசச் சொன்னேன். அப்படியும் கல்லில் பட்டது. ஆனால் பட்டவுடன் அவர் லைனை இழுத்து நகத்தில் வைத்தார். முனை சற்றே வளைந்திருந்தது. மீன் வருவதற்கு முன்பே ஃப்ளை மாறிவிட்டது. காற்று வந்தபின் டிப்பெட்டில் முடிச்சுகளும் கிடைத்தன, ஒவ்வொன்றும் மீன் கண்டுபிடிக்கும் முன் அவர் விரல் கண்டுபிடித்தது. தொப்பியிலிருந்து இறக்கிய அதே வகை நிம்ஃபில், முனை முழுசாக உள்ளதில், உள்ளங்கை நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிரவுன் டிரவுட்கள் வந்தன. செந்நிறப் புள்ளிகளைச் சுற்றி வெளிர் வளையத்தோடு, கையை நனைத்து நீரிலேயே வைத்துப் பார்த்துவிட்டு விட்டோம்.

மதியத்துக்கு முன் நல்ல மீன் ஒன்று மறுபடி தப்பியது. தண்ணீரை விட்டு எகிறித் தாவி உதறியது, ஃப்ளை திரும்பி வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் முனையை நகத்தில் வைத்தார், பிடித்தது. டிப்பெட்டை உருவினார், வழுவழுப்பாக இருந்தது. முடிச்சை இழுத்தார், நின்றது. வளையங்களைப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தாங்க இருக்கு, அண்ணா."

"அப்ப அது மீன் தாவும்போது நீ ராடைத் தாழ்த்தாததுனால போனது. வா, அதைப் பழகலாம்."